கடல் தெரியாத பாதி

மார்ச் 6, செவ்வாய்

மழை. அடுப்படியில் மூன்று பாத்திரம், ஹாலில் ஒன்று. போன வருஷம் ஹாலில் ஒழுகவில்லை. முன்னேற்றம்தான்.

வீட்டுச் சொந்தக்காரர் ஹாஃபிஸ் பாய்க்கு பிரிஸ்பேனுக்கு போன் போட்டேன். "தகரத்துக்கு வயசாயிடுச்சு தங்கச்சி. எனக்கும்தான் ஆயிடுச்சு, என்னை யாராவது மாத்துறாங்களா?" என்றார். பதினோரு வருஷமாக இந்த ஒரே பதில். வாடகையையும் பதினோரு வருஷமாக ஏற்றவில்லை என்பதால் நானும் இதற்கு மேல் பேசுவதில்லை.

மனை, வீடு விற்கும் எங்கள் ஆபீஸில் ஒரு கனடாக்காரர். கடலை ஒட்டி மனை வேண்டுமாம். எல்லாம் பார்த்துவிட்டு, "கடல் ராத்திரியில் சத்தம் போடுமா?" என்று கேட்டார். முதலாளி ஹேஸல் மேடம் முகத்தில் ஒரு சுருக்கம் கூட இல்லாமல், "ஞாயித்துக்கிழமை போடாது" என்றார். கனடாக்காரர் அதைக் குறித்துக்கொண்டார்!

மார்ச் 8, வியாழன்

மேடம் ஒரு ஃபைலை என் மேஜையில் வைத்துவிட்டு பாத்ரூமுக்குள் போனார். பத்து நிமிஷம் வெளியே வரவில்லை. ஃபைலைத் திறந்தபோதுதான் ஏன் என்று புரிந்தது.

'விரிகுடாவைப் பார்த்த, பழமை மாறாத தீவு இல்லம்.' கீழே போட்டோ. கொடியில் என் புடவை. பக்கத்தில் என் கணவர் விம்லேஷின் பஸ் டிரைவர் சட்டைகள் நான்கு, கையைத் தூக்கிக்கொண்டு.

எங்கள் வீடு.

மேடம் வெளியே வந்து எதிரே உட்கார்ந்தார். "ஹாஃபிஸ் விக்கறான். பசங்களுக்குப் பிரிச்சுக் குடுக்கணுமாம். சலோசனா, இந்த வருஷம் நாம ஒண்ணு கூட விக்கலை. இதுவும் போகலைன்னா ஜூலையில ஆபீஸை மூடுறேன். அப்புறம் உனக்கும் வேலை இல்லை, எனக்கும் இல்லை."

"வித்துட்டா எனக்கு வேலை இருக்கும், வீடு இருக்காது. அப்படித்தானே மேடம்?"

"அப்படித்தான்" என்றார். சமாதானமாக ஏதாவது பொய் சொல்வார் என்று பார்த்தேன். சொல்லவில்லை. அதற்காகவே இவரிடம் இத்தனை வருஷம் இருக்கிறேன்.

இன்னொன்றும் சொன்னார். வீட்டை நான்தான் காட்ட வேண்டும். அங்கே குடியிருப்பது நான் என்று மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. "வாங்கறவங்களுக்கு மனசு உறுத்துச்சுன்னா கையெழுத்து போட மாட்டாங்க."

மார்ச் 9, வெள்ளி

விம்லேஷிடம் இன்னும் சொல்லவில்லை. பருப்பில் உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன். பேசாமல் சாப்பிட்டார். தெரிந்துவிட்டதோ?

மார்ச் 10, சனி

தெரியவில்லையாம். நான் கோபமாக இருக்கிறேன் என்று நினைத்து உப்பைப் பற்றிப் பேசவில்லையாம்.

சொன்னேன். நாற்காலியைப் பின்னால் தள்ளி உட்கார்ந்து ரொம்ப நேரம் கூரையைப் பார்த்தார். அப்புறம், "விக்கறது யாரு வேலை?" என்றார்.

"என் வேலை."

"அப்ப விக்காம இருக்கறதும் உன் வேலைதானே."

இந்த மனுஷன் லம்பாசா ரோட்டில் பஸ் ஓட்டுகிறார் என்று ஊர் நினைக்கிறது. உள்ளுக்குள் ஒரு வக்கீல் ஒளிந்திருக்கிறார்.

மார்ச் 15, வியாழன்

முதல் ஆட்கள். சிட்னியிலிருந்து ஒரு ஜோடி, வெள்ளை உடை, வெள்ளைச் செருப்பு. நான் ஒன்றுமே செய்யவில்லை, சத்தியமாக. குளியலறைக் கதவைத் திறந்தேன், அவ்வளவுதான். உள்ளே ஷவருக்குக் கீழே நம் தேரை உட்கார்ந்திருந்தது. வழக்கமாக வருவது. அந்த அம்மா போட்ட சத்தத்தில் தேரைதான் பாவம், பயந்து அவர் செருப்பு மேலேயே குதித்தது.

மேடம் கேட்டார்: "ஏன் வாங்கலை?"

"அவங்களுக்கு உயிரினங்கள் பிடிக்கலை மேடம்."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும்.

மார்ச் 19, திங்கள்

இன்று வந்தவர் பெயர் டோரீன். அறுபத்தாறு வயது. நியூசிலாந்தின் தென்கோடியில் இன்வெர்கார்கில் என்ற ஊர். முப்பத்தைந்து வருஷம் கால்நடை மருத்துவர். வருஷத்தில் பாதி நாள் கை விறைத்துப்போகும் குளிராம். வருஷத்துக்கு மூன்று வாரம் வந்து தங்க ஒரு வீடு வேண்டும் என்கிறார்.

கால்நடை மருத்துவர் என்றால் வம்பு. தேரையை வைத்து இவரை ஒன்றும் செய்ய முடியாதே.

குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன்.

"மழைன்னா ஒழுகும்."

"தகரக் கூரையா? சத்தம் கேக்குமா? ஐயோ, எனக்கு அதுதான் வேணும்!"

"பரண்ல எலி இருக்கு."

"எத்தனை?"

"...எண்ணிப் பார்க்கலை."

"பேர் வெச்சிருக்காங்களா?"

"தண்ணி சில நாள் வராது."

"வந்தா என்ன செய்வீங்க?"

"குளிப்போம்" என்றேன். உடனே, "குளிப்பாங்க. இங்க குடியிருக்கறவங்க" என்று திருத்தினேன். நல்ல வேளை, அவர் கவனிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே சீமைப்பலா மரத்தில் தொங்கிக்கொண்டிருந்த வௌவாலிடம் பேசிக்கொண்டிருந்தார்.

கடைசியாக, வேறு வழி இல்லாமல் என்னையே திட்டிக்கொண்டேன். "இங்க இருக்கற பொம்பளைக்குச் சுத்தம்னா என்னன்னே தெரியாது. அடுப்பைப் பாருங்க." காலையில்தான் தேய்த்த அடுப்பு. பளபளவென்று இருந்தது. டோரீன் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நீங்க ரொம்பக் கண்டிப்பானவங்க" என்றார்.

மார்ச் 21, புதன்

கேவலம். எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுதாமல் விட்டால் நாளைக்கு நானே நம்ப மாட்டேன்.

டோரீன் சொல்லாமல் மறுபடி ஆபீஸுக்கு வந்துவிட்டார். நானும் மேடமும் அவரைக் கூட்டிக்கொண்டு போனால், வாசலில் விம்லேஷ். இன்று அவருக்கு லீவு என்பதை நான் மறந்துவிட்டேன். இடுப்பில் சுலு வேட்டி, மேலே ஒன்றுமில்லை, கையில் பாதி தின்ற ரொட்டி.

"இவர் யாரு?" என்றார் டோரீன்.

மேடம் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "பிளம்பர்."

நான் விம்லேஷைப் பார்த்தேன். அவர் ரொட்டியை மென்று விழுங்கினார். "ஆமா" என்றார். "குழாய் பாக்க வந்தேன்."

"சட்டை?" என்றார் டோரீன்.

"நனைஞ்சிடும்ல."

அதோடு முடிந்திருக்கலாம். டோரீனுக்கு ஒரு ஆசை வந்துவிட்டது: தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று பிளம்பரே காட்ட வேண்டும். விம்லேஷ் முன்னே நடந்தார். இந்த வீட்டில் பதினோரு வருஷம் வாழ்ந்தவர், குழாய் எங்கே ஓடுகிறது என்று ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை. "இது வந்து பெரிய குழாய்" என்றார். "இது சின்னக் குழாய்." சிங்க்குக்குக் கீழே ஒரு மூடியைத் தைரியமாகத் திருகினார். அடுப்படி முழுக்கத் தண்ணீர். டோரீன்தான் படுத்து, கையை உள்ளே விட்டு மூடினார். மாட்டுக்குப் பிரசவம் பார்த்த கை.

போகும்போது விம்லேஷிடம் இருபது டாலர் கொடுத்தார். வாங்கிக்கொண்டார்!

"எதுக்குங்க வாங்கினீங்க?"

"பிளம்பர் வேண்டாம்னு சொல்வானா?"

மார்ச் 23, வெள்ளி

ஹாலை அளக்க வந்தார் டோரீன். மேடம் வரவில்லை, நான் மட்டும். எங்கள் கல்யாணப் போட்டோவை ஹாலில் இருந்து எடுத்து அடுப்படிக் கதவுக்குப் பின்னால் மாட்டி வைத்திருந்தேன். கதவை யார் மூடிப் பார்க்கப் போகிறார்கள்? டோரீன் மூடிப் பார்த்தார். கதவு சரியாக மூடுகிறதா என்று.

போட்டோவில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் கிட்டே போனார்.

"சலோசனா, உங்களுக்கும் பிளம்பருக்கும் கல்யாணம் ஆயிருக்கா?"

ஆமாம் என்றேன். இருபத்திரண்டு வருஷம் ஆகிறது என்றேன். அவர் பிளம்பர் இல்லை என்றேன். அடுப்பு சுத்தமாகத்தான் இருக்கிறது என்றும் சொன்னேன், அது முக்கியம்.

முதலில் சிரித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். அப்புறம் திடீரென்று நிறுத்தி, "அப்ப நான் வாங்கினா நீங்க எங்க போவீங்க?" என்று கேட்டார்.

"பார்க்கணும்."

"எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு" என்றார். மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை சொல்லும்போது டேப்பின் மறுமுனையை என் கையில் கொடுத்தார். பிடித்துக்கொண்டேன். ஹால் பதினாலடி.

மார்ச் 24, சனி

கேட்ட விலைக்கே எடுத்துக்கொள்கிறாராம். மேடம் போனில் சொன்னார். குரலில் சந்தோஷத்தை மறைக்கப் பார்த்தார், முடியவில்லை.

டோரீன் மேல் கோபம் வரவில்லையே, ஏன்? அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. கஷ்டப்பட்டுக்கொண்டே வாங்குகிறார். நான் கஷ்டப்பட்டுக்கொண்டே விற்கிறேன். விம்லேஷ் மட்டும்தான் இருபது டாலர் லாபத்தில் இருக்கிறார்.

ஏப்ரல் 5, வியாழன்

டோரீன் ஊருக்குப் போய்விட்டார். பத்திரத்தைச் சரிபார்த்த வக்கீல் இன்று மேடத்தைக் கூப்பிட்டு ஒரு சேதி சொன்னார். மேடம் நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார்.

வீடு ஒரு மனையில் இல்லை. இரண்டு மனையில் இருக்கிறது. ஏழாம் எண், எட்டாம் எண். ஹாஃபிஸ் பாயின் தாத்தா இரண்டையும் வாங்கி, நடுவில் வீட்டைக் கட்டியிருக்கிறார். அவருடைய நிலம், அவருடைய வீடு, யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் டவுன் எல்லை அந்த இரண்டு மனைக்கும் நடுவில்தான் போகிறது. ஏழு டவுனுக்கு உள்ளே. எட்டு வெளியே. டவுன் எல்லைக்குள் வெளிநாட்டுக்காரர் வீட்டு மனை வாங்கக் கூடாது. சட்டம்.

"அப்ப டோரீன் வாங்க முடியாதா?" என்றேன். என் குரல் எனக்கே வெட்கமாக இருந்தது, அவ்வளவு சந்தோஷம்.

"பாதி வாங்கலாம்" என்றார் மேடம். "எந்தப் பாதின்னு அளந்துதான் பாக்கணும்."

ஏப்ரல் 11, புதன்

சர்வேயர் இலைசா வந்தார். ஆறரை அடி உயரம், சின்னக் குரல். கூடவே கருவி, ஆணிகள், பெரிய நூல்கண்டு. வீட்டுக்கு இடப்பக்கம் ஒரு ஆணி, வலப்பக்கம் ஒரு ஆணி அடித்துவிட்டு, "அக்கா, தப்பா நினைக்காதீங்க. நூல் வீட்டுக்குள்ள வரணும்" என்றார்.

பக்கவாட்டு ஜன்னல் வழியாக நூல் உள்ளே வந்தது. எங்கள் ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுவே நடந்தது. ஆனால் நேராகப் போகவில்லை, கொஞ்சம் சாய்வாக. இலைசா சுண்ணாம்புக் கட்டியால் தரையில் கோடு போட்டுக்கொண்டே முழங்காலில் நகர்ந்தார். நான் பின்னாலேயே.

முன்பக்கம் எட்டாம் எண்: வராண்டா, ஹால், இரண்டு படுக்கையறை, கடல்.

பின்பக்கம் ஏழாம் எண்: அடுப்படி, சாமான் ரூம், குளியலறை, கக்கூஸ், சீமைப்பலா மரம், தண்ணீர்த் தொட்டி.

அடுப்படியில் ஒரு மூலை மட்டும் கோட்டுக்கு அந்தப் பக்கம். அங்கேதான் ஃபிரிட்ஜ்.

"அக்கா, உங்க ஃபிரிட்ஜ் டவுனுக்கு வெளியில நிக்குது."

"ரெண்டடி தள்ளினா?"

"உள்ள வந்துடும்." யோசித்தார். "ஆனா கதவைத் திறந்தா மறுபடி வெளிய போயிடும்."

வேலை முடிந்ததும் டீ போட்டுக் கொடுத்தேன். கோட்டின் மேல் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, எந்தக் காலை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல் தவித்தார். பயிற்சி அப்படி.

ஏப்ரல் 12, வியாழன்

மேடம் டோரீனுக்கு போன் போட்டார். நான் பக்கத்தில். எல்லாம் விளக்கினார். மறுமுனையில் காகிதத்தைப் புரட்டும் சத்தம்.

அப்புறம், "முன்பாதி போதும்" என்றது குரல்.

"டோரீன், அதுல அடுப்படி இல்லை."

"நான் சமைக்க மாட்டேன்."

"தண்ணி இல்லை."

"வாளி இருக்கு."

மேடம் கண்ணை மூடிக்கொண்டார். "கக்கூஸ் இல்லை, டோரீன்."

மறுமுனையில் நாட்களை எண்ணுகிற முணுமுணுப்பு.

"மூணு வாரம்தானே" என்றார்.

ஏப்ரல் 20, வெள்ளி

ஹாஃபிஸ் பாய் அவராகவே கூப்பிட்டார். பதினோரு வருஷத்தில் முதல் தடவை. அப்போதே புரிந்துவிட்டது, நல்ல சேதி இல்லை.

"தங்கச்சி, முன்பாதி போயிடுச்சு. பின்பாதியை வெச்சு நான் என்ன பண்றது? கக்கூஸை பிரிஸ்பேனுக்கா எடுத்துட்டு வர முடியும்? மீன் வியாபாரி ஒருத்தர் கேக்கறார். ஐஸ் பெட்டி அடுக்கி வைக்கணுமாம். உங்களுக்கு வேணும்னா முதல்ல உங்களுக்குத்தான். ரெண்டு வாரம் டைம்."

விலையைச் சொன்னார். அதிகம் இல்லை. கக்கூஸோடு ஒரு அடுப்படி, யார் வாங்குவார்கள்? ஆனால் எங்களிடம் இருப்பது கிட்டத்தட்ட அவ்வளவுதான். என் வைப்பு நிதியும், அவர் வேன் வாங்கச் சேர்த்து வைத்திருப்பதும்.

வேன்.

ஏப்ரல் 22, ஞாயிறு

சண்டை. எங்களுக்குள் இந்த மாதிரி சண்டை வந்து எத்தனையோ வருஷம் ஆயிற்று.

"அடுப்படியை வாங்கறதா? உலகத்துல எவனாவது அடுப்படியை மட்டும் வாங்குவானா?"

"சாமான் ரூமும் இருக்கு."

"அதுல படுக்கறதா? முன்னாடி ஒரு வெள்ளைக்காரி, பின்னாடி நாம, நடுவுல சுண்ணாம்புக் கோடா? ஊரு சிரிக்கும் சலோ."

"சிரிச்சுட்டுப் போகட்டும்."

"பதினெட்டு வருஷம் அடுத்தவன் பஸ் ஓட்டறேன். எனக்குன்னு ஒரு வேன், அவ்வளவுதான் கேட்டேன். அதை வெச்சு ஒரு சிங்க் வாங்கணுமா?"

அப்போதுதான் எனக்கும் கத்தத் தோன்றியது. கத்தினேன். என்ன கத்தினேன்? எங்கப்பாவோட கரும்புக் காட்டைப் பத்தி. முப்பது வருஷக் குத்தகை முடிஞ்சுதுன்னு நிலத்துக்காரங்க சொன்னாங்க, புதுப்பிக்கலை. நாங்களே எங்க வீட்டைப் பிரிச்சோம். எங்கப்பா ஆணியைப் பிடுங்கினாரு, நான் ஆணியைப் பொறுக்கி டப்பாவுல போட்டேன். வளைஞ்சதைக் கூட விடலை. பலகையெல்லாம் லாரியில ஏத்தி, அது மேல நானும் தம்பியும். எனக்கு இருபத்தெட்டு வயசு, கல்யாணம் ஆகி மூணு வருஷம், ஒத்தாசைக்குப் போயிருந்தேன். அவர் லாரி ஓட்டினாரு. விம்லேஷ்தானே அந்த லாரியை ஓட்டினாரு! மறந்துடுச்சா அவருக்கு?

மறக்கவில்லை போல. வெளியே போய்விட்டார். பக்கத்து வீட்டில் யங்கோனா வேரைக் கரைத்துக் குடிக்க உட்கார்ந்திருப்பார்.

மீன் வியாபாரி அந்த அடுப்படியில் ஐஸ் பெட்டி அடுக்குவதை நினைத்துப் பார்க்கிறேன். முடியவில்லை.

ஏப்ரல் 25, புதன்

மூன்று நாளாகப் பேச்சு இல்லை. உப்பு சரியாக இருக்கிறது.

ஏப்ரல் 27, வெள்ளி

ஆபீஸிலிருந்து வந்தால், சாமான் ரூமில் விம்லேஷ். பழைய டயர், காலி டின், உடைந்த ஃபேன் எல்லாம் வெளியே கிடக்கிறது. கையில் டேப். சுவரைப் பார்த்தபடியே சொன்னார்:

"கட்டில் இந்த வாசல்ல நுழையாது. காலை அறுக்கணும்."

"அறுத்தா தாழ்வாயிடுமே."

"தாழ்வாத்தான் இருக்கட்டும். எந்திரிக்கும்போது தலை இடிக்காது. கூரை இந்தப் பக்கம் சாய்வு."

அவ்வளவுதான். வேனைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். சாமான் ரூம் எட்டடி.

மே 17, வியாழன்

வக்கீல் ஆபீஸ். முன்பாதிக்கும் பின்பாதிக்கும் ஒரு ஒப்பந்தம் வேண்டுமாம், இல்லாவிட்டால் பதிவு பண்ண மாட்டேன் என்கிறார். டோரீன் திரையில், இன்வெர்கார்கிலிலிருந்து, கம்பளித் தொப்பியோடு. மேடம், நான், விம்லேஷ் இந்தப் பக்கம்.

வக்கீல் கல்யாண மந்திரம் மாதிரி வாசித்தார். "முன்பாதி உரிமையாளர், தாம் வந்து தங்கும் காலத்தில், பின்பாதி உரிமையாளரின் கக்கூஸை எந்த நேரத்திலும் நியாயமான கால அளவுக்குப் பயன்படுத்தலாம்."

"நியாயமான கால அளவுன்னா?" என்றார் விம்லேஷ்.

"வழக்கமா எவ்வளவு ஆகுமோ அவ்வளவு."

"ஆளுக்கு ஆள் மாறுமே."

"பத்து நிமிஷம்னு போடுங்க" என்றது திரை.

"காலையில பதினஞ்சு" என்றார் மேடம். "அனுபவத்துல சொல்றேன்."

பதினைந்து என்று போட்டார்கள். அதற்கு ஈடாக, மின்சார மீட்டர் முன்பாதியில் இருப்பதால் நாங்கள் அங்கே போய்ப் பார்க்கலாம். அவர் இல்லாத நாளில் வாரம் ஒரு முறை ஜன்னல்களைத் திறந்து விட வேண்டும். கூரை பொது. ஒழுகினால் யார் பக்கம் ஒழுகுகிறதோ அவர் பாத்திரம்.

கடைசியில் டோரீன், "சலோசனா, ஃபிரிட்ஜ் அங்கேயே இருக்கட்டும். அந்த மூலையை உங்களுக்கு இலவசமா வாடகைக்கு விடறேன்" என்றார்.

வக்கீல் பேனாவை வைத்துவிட்டார். "இலவசம்னா அது வாடகை இல்லைங்க."

ஒரு டாலர் என்று எழுதினார்கள்.

ஜூலை 6, வெள்ளி

பதிவு ஆயிற்று. ஒரே பக்கம். மனை எண் ஏழு, சலோசனா கவுண்டர், விம்லேஷ் குமார். என் பெயர் முதலில். அவர்தான் அப்படிப் போடச் சொன்னார். ஏன் என்று கேட்டால், "சிங்க் உன்னுதுதானே" என்கிறார்.

ஆபீஸ் மூடவில்லை. மேடம் கேக் வாங்கி வந்தார். அழுதார். கேக்குக்காக இல்லை என்று நினைக்கிறேன்.

நான் அழவில்லை. வீட்டுக்கு வந்து அடுப்படியை ஒரு தடவை சுற்றி நடந்தேன். பதினோரு வருஷமாக நடக்கிற தரைதான். ஜன்னலில் இருந்து கடல் தெரியாது. தொட்டியும் மரமும் தெரியும்.

ஆகஸ்ட் 14, செவ்வாய்

டோரீன் பணம் அனுப்பி, முன்பாதிக்கு பெயிண்ட் அடிக்கச் சொல்லியிருந்தார். மயில் கழுத்து நிறம். விம்லேஷ் அடித்தார், சரியாகக் கோடு வரைக்கும். அதற்கு அந்தப் பக்கம் எங்கள் பழைய மஞ்சள். ரோட்டில் போகிற ஒவ்வொரு பஸ்ஸும் மெதுவாகிறது. டிரைவர்கள் எல்லாம் இவர் சிநேகிதர்கள் வேறு.

"என்னப்பா, பெயிண்ட் தீந்துடுச்சா?"

"நாடு மாறுதுடா அங்க" என்று இவர் பதில் சொல்கிறார்.

காற்றோட்டத்துக்கு ஜன்னல் திறக்க வாரம் ஒரு முறை போக வேண்டிய முன்பாதிக்கு, தினமும் சாயங்காலம் போய் வராண்டாவில் உட்கார்ந்து யங்கோனா குடிக்கிறார். காற்றோட்டம் எப்படி இருக்கிறது என்று பார்க்கிறாராம்.

செப்டம்பர் 10, திங்கள்

டோரீன் வந்தார். ஒரு பெட்டி முழுக்கத் துணி. இன்னொரு பெட்டி முழுக்கக் கக்கூஸ் பேப்பர். "உங்களுதைத் தீர்த்துடக் கூடாதுன்னு" என்றார். விம்லேஷைப் பார்த்து, "பிளம்பர், எப்படி இருக்கீங்க?"

"தண்ணி வருது" என்றார் இவர். பெருமையாக.

சாயங்காலம் மழை. டோரீன் ஹாலில் தரையில் படுத்துக்கொண்டு தகரச் சத்தத்தைக் கேட்டார். நடுவில் எழுந்து வந்து ஒரு பாத்திரம் கடன் கேட்டார். கொடுத்தேன். இரண்டாவது கேட்டார். கொடுத்தேன்.

செப்டம்பர் 13, வியாழன்

காலை. விம்லேஷ் முதல் ட்ரிப்புக்குக் கிளம்பியாயிற்று. ரொட்டிக்கு மாவு பிசைந்து மூடி வைத்துவிட்டு, அடுப்படி மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். டீ கொதிக்கிறது.

ஹால் கதவை யாரோ தட்டுகிறார்கள். டோரீன்தான், வேறு யார். பூட்டெல்லாம் இல்லை, தள்ளினால் திறக்கும். ஆனாலும் தட்டுகிறார், தட்டிவிட்டு அந்தப் பக்கம் நிற்கிறார். கையில் காலி கப் இருக்கும். அவசரமாகவும் இருக்கலாம்.

"சலோசனா? வரலாமா?"

மறுபடி தட்டுகிறார்.

இருக்கட்டும். இந்த வரியை முடித்துவிட்டுப் போய்த் திறக்கிறேன்.